தொண்டையில் சிக்கிய மாங்கொட்டை

ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் சத்தம் ரோட்டில் கேட்டுவிட்டால் போதும், டாக்டர் வைகுண்டராஜுக்குக் கையில் இருக்கிற வேலை ஓடாது. மாட்டுக்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டே காதை ரோட்டுப் பக்கம் கொடுத்துவிடுவார். வண்டியின் வேகம் குறைகிறதா, யாராவது கைகாட்டி நிறுத்துகிறார்களா, எந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் தெர்மாமீட்டரை உருவிப் பார்ப்பார். நூற்றிரண்டா நூற்றிமூன்றா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

வண்டிக்காரர் பெயர் கர்ணன், வயது இருபத்தெட்டு. எழுபத்திமூன்றாம் வருஷம் தை மாதம் அனுமந்தன்பட்டியில் புதிதாகக் கால்நடை மருந்தகம் திறந்தபோது டாக்டராக வந்தவர். அதுவரைக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஆற்றங்கரைப்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றுதான். அதில் பன்னிரண்டு வருஷமாக இருந்தவர் வைகுண்டராஜ்.

தேனி பஜாரில் அவருடைய அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அண்ணன்மார் இருவரும் கடையில் உட்கார, இவர் மட்டும் மெட்ராஸுக்குப் போய் மாட்டு வைத்தியம் படித்து வந்தார். மாடு ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போதே நோயைச் சொல்லிவிடுவார் என்று பேர். முன்னங்கால் முட்டியை அகட்டி வைத்துக்கொண்டு, சரிவில் இறங்கத் தயங்கினால், "கம்பியோ ஆணியோ முழுங்கியிருக்கு, நெஞ்சுப் பக்கம் குத்துது" என்பார். செத்த மாட்டின் மூக்கில் உறையாத கறுப்பு ரத்தத்தைக் கண்டால் கத்தி வைக்க விடமாட்டார். "அடைப்பான் நோய், மனுஷனுக்கும் தொத்தும். தோலை உரிக்காம ஆழமாப் புதைங்க" என்று நின்று குழி வெட்ட வைப்பார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மாட்டுக்காரர்கள் அவரைப் பார்த்தால் தலைத்துண்டை இறக்கிக் கையில் பிடிப்பார்கள்.

கர்ணன் வந்த இரண்டாம் மாதம் அந்தப் பேரில் ஒரு கீறல் விழுந்தது.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் பாங்கில் கடன் வாங்கிச் சீமைக் கலப்புப் பசு வாங்கியிருந்தார். அந்த வட்டாரத்துக்கே அது புதுசு. கன்று போட்ட மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. தலையை விலாப்பக்கமாக மடித்து வைத்திருந்தது. காது சில்லிட்டுக் கிடந்தது. கருப்பையில் சீழ் வைத்திருக்கும் என்று வைகுண்டராஜ் பென்சிலின் போட்டார். சீழ் வைத்த மாட்டுக்கு ஏன் காய்ச்சல் இல்லை என்பது உறுத்தியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டார். தோட்டக்காரருக்கு நாளை வரை பொறுக்கவில்லை. சாயந்திரம் கர்ணனைக் கூட்டிப் போனார். கர்ணன் கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினார். பாட்டில் தீர்வதற்குள் மாட்டின் உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்று கன்றை நக்கியது.

பால் காய்ச்சல். கறவை அதிகமான மாட்டுக்குக் கன்று போட்டதும் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போவதால் வருவது. ஒன்றரைப் படி கறக்கிற நாட்டு மாட்டுக்கு அது வராது. வைகுண்டராஜ் அதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் கண்டதில்லை. கர்ணன் ஓசூர்ப் பண்ணையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், வாரத்துக்கு ஒன்று பார்த்திருப்பார். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? செத்துப்போன மாட்டைச் சின்ன டாக்டர் எழுப்பிவிட்டார் என்று ஊர் பேசியது. அதைவிட மோசம், கர்ணனே தேடி வந்து, "நீங்க போட்ட பென்சிலினும் நல்லதுதான் சார், புண்ணு வைக்காம இருக்கும்" என்று ஆறுதல் சொன்னது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி மாடுகள் அனுமந்தன்பட்டிக்குப் போகத் தொடங்கின. அவருக்கு ஜன்னல் ஓரத்தில்தான் நாற்காலி. முதலில் வேற்றூர் மாடுகள் போயின. பிறகு ஆற்றங்கரைப்பட்டி மாடுகளே போயின. தெரிந்தவர்கள் அந்த இடம் வந்ததும் மாட்டைக் கொஞ்சம் விரட்டி நடத்திப் போவார்கள். அப்படி விரட்டுவதுதான் அவரை அதிகம் சுட்டது.

வீட்டிலும் தப்பவில்லை. கர்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு வருவார். "அக்கா, அக்கா" என்று வைகுண்டராஜின் மனைவி சண்முகத்தாயிடம் பேசிவிட்டுப் போவார். அவர் போன பிறகு சண்முகத்தாய் ஒன்றும் நினைக்காமல் சொல்வாள்.

"அந்தத் தம்பிக்குக் கை எம்புட்டு நீளம் பாத்தீகளா. கன்னுக்குட்டி வயித்துக்குள்ள எங்கன பெரண்டு கெடந்தாலும் எட்டிப் பிடிச்சிருவாகளாம்."

மறுநாள் காலையில் குளிக்கும்போது வைகுண்டராஜ் தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். குட்டையான கைதான். நாற்பத்தைந்து வயதுவரை அவருக்கு அது தெரியாமல் இருந்தது.

வைகாசி மாதக் கடைசியில் அனுமந்தன்பட்டியிலிருந்து ராமுத்தாய் என்கிற ஆடு மேய்க்கிற பெண், கால் கிழிந்த ஒரு வெள்ளாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம் வந்தாள். மோட்டார் சைக்கிள் டாக்டரைப் பார்த்தால் அவளுக்குக் கூச்சம். பழகிய ஆளென்று நாலு மைல் நடந்தே வந்திருந்தாள்.

"வாய்க்கா கரையில மேச்சுக்கிட்டிருந்தேன்யா. ஒரு செவலை நாயி நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துச்சு. இத வந்து கவ்விருச்சு. அந்தாக்குல கருத்தக்கண்ணன் பசுவையும் பின்னங்கால்ல பிடிச்சுச்சு. அங்கிட்டுப் போயித் தோப்புக்காரவுக அடிச்சுக் கொன்னுட்டாக."

"பசுவைக் கடிச்சது கருத்தக்கண்ணனுக்குத் தெரியுமா?"

"மாடு தனியால்ல மேஞ்சுச்சு. பாத்தது நான் மட்டுந்தான். அவன் பொண்டாட்டி கஸ்தூரிக்கும் எனக்கும் வாய்க்காத் தண்ணியில சண்ட, மூஞ்சி பாத்துப் பேசுறதில்ல. நீங்க சொல்லிவிட்ருங்கய்யா."

"சரி, நான் சொல்லிக்கிறேன். நீ போ."

ஆட்டின் புண்ணைக் கழுவி ஊசி போட்டு அனுப்பினார். அனுமந்தன்பட்டி இப்போது கர்ணனின் எல்லை. அவர் ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டு எழுதினார்: கருத்தக்கண்ணன் பசுவை வெறிநாய் கடித்திருக்கிறது, உடனே தடுப்பூசி தொடங்கவும். எழுதி முடித்ததும் அடுத்து நடக்கப்போவது கண்ணுக்கு முன்னால் வந்தது. கர்ணன் வண்டியில் போய் இறங்குவார். யாருக்கும் தெரியாத நாய்க்கடியைச் சொல்லுவார். ஊசி போடுவார். சின்ன டாக்டருக்கு எல்லாம் தெரிகிறது என்று ஊர் வாயைப் பிளக்கும். அவர் தாளை மடித்து ரெஜிஸ்டருக்குள் வைத்தார். நாளைக்கு சுருளியாண்டியிடம் கொடுத்தனுப்பலாம். சுருளியாண்டி ஆஸ்பத்திரி ஊழியர், கர்ணன் வருவதற்கு முன்பிருந்தே அவருக்கு வலதுகை.

மறுநாள் தொண்டை அடைப்பான் தடுப்பூசி முகாம். அதற்கு மறுநாள் வேறு வேலை. மறந்துபோனார் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ரெஜிஸ்டரைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாளின் ஓரம் தெரியும். கடிபட்ட எல்லா மாட்டுக்கும் நோய் வந்துவிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார்.

ஆடி மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். காலை பத்து மணி. டீக்கடைக்குப் போய்வந்த சுருளியாண்டி செய்தியோடு வந்தார்.

"அனுமந்தன்பட்டியில ஒரே கூட்டமாக் கெடக்காம்யா. கருத்தக்கண்ணன் பசு தொண்டையில மாங்கொட்டை சிக்கிருச்சாம். சின்ன டாக்டரு கைய விட்டு எடுக்கப் போறாகளாம்."

வைகுண்டராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டு நாளாத் தண்ணி கூட எறங்கலையாம். எச்சி கயிறு கயிறா ஒழுகுதாம்."

"வயிறு ஊதியிருக்காமா?"

"இல்ல, ஒட்டிக் கெடக்குன்னுதான் பால்காரன் சொன்னான்."

"கத்துதா?"

"விடாமக் கத்துதாம். தொண்டை கட்டுன மாதிரி கம்மலா."

வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. மாட்டின் தொண்டையில் ஒன்று சிக்கினால் உள்ளே உண்டாகிற காற்று வெளியே வர வழியில்லாமல், சில மணி நேரத்திலேயே இடது பக்க வயிறு மத்தளம்போல் ஊதிவிடும். இரண்டு நாளாக ஊதவில்லை என்றால் தொண்டையில் ஒன்றும் இல்லை. தொண்டையே செயலிழந்துவிட்டது. எச்சில், கம்மிய குரல், ஓயாத கத்தல். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு நாய்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். இதைப் பின்னாளில் அவர் யாரிடமும் மறைக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகினாற்போல் இருந்தது. ஊரே கூடி நிற்க, இல்லாத மாங்கொட்டையைத் தேடிக்கொண்டிருக்கப் போகிறார் கர்ணன்.

"சுருளி, ஒரு டீ வாங்கிட்டு வா" என்றார்.

டீ வந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்தார். இனிமேல் யாரும் மாட்டை விரட்டிக்கொண்டு அந்த வாசலைக் கடந்து போகமாட்டார்கள் என்று நினைத்தார். இன்றைக்குச் சாயந்திரம் கடைத்தெருவில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தார். டம்ளரில் அடிமண்டி தெரியும்போதுதான், கையை விட்டு எடுக்கப் போகிறார் என்று சுருளியாண்டி சொன்னது அவருக்குள் முழுசாக இறங்கியது. வெறிநோய் கண்ட மாட்டின் எச்சிலில் விஷம். வெறுங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தால் போதும். நோய் கண்டுவிட்டால் மனுஷனுக்கு மருந்து கிடையாது.

இது அவருக்கு டீ சொல்வதற்கு முன்பே தெரியும். தெரிந்ததை எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

சைக்கிளை எடுத்தார். கம்பம் கணவாயிலிருந்து ஆடிக்காற்று எதிரே அடித்தது. பெடலில் ஏறி நின்று மிதித்தாலும் சைக்கிள் நகர மறுத்தது. புழுதி முகத்தில் அடித்தது. நாலு மைலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

கருத்தக்கண்ணன் வீட்டு முன்னால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். பசுவின் வாயில் கட்டை கொடுத்திருந்தது. கருத்தக்கண்ணன் மூக்குத் துவாரத்தில் விரலைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கஸ்தூரியம்மாள் நாக்கை இழுத்துப் பிடித்திருந்தாள். சட்டையைக் கழற்றிய கர்ணன் முழங்கைக்கு மேல்வரை உள்ளே விட்டிருந்தார்.

"கர்ணன், கையை எடுங்க."

"வாங்க சார். ஒண்ணும் தட்டுப்படல, இன்னும் கொஞ்சம் உள்ள..."

"எடுங்கன்னேன். வெறிநோய்."

கர்ணன் கையை உருவினார். கடைவாய்ப்பல் உரசி முழங்கைக்குக் கீழே இரண்டு கோடு, ரத்தம் அரும்பிக்கொண்டிருந்தது. பசு கட்டையைக் கக்கிவிட்டு, பின்னங்கால் மடங்க ஒரு பக்கம் சாய்ந்து, தகரத்தைக் கிழித்தாற்போல் கத்தியது.

"நாய் கடிச்சதான்னு கேட்டேன் சார்" என்றார் கர்ணன். "மூணு தடவை கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க."

வைகுண்டராஜ் சோப்பு கேட்டார், தண்ணீர் கேட்டார். கர்ணன் கையைத் தானே பிடித்துக் குடம் குடமாக ஊற்றிக் கழுவினார். பிறகு கருத்தக்கண்ணன் கை, கஸ்தூரியம்மாள் கை. விரல் இடுக்கில் நகச்சுற்றுப் புண் இருந்தது அவளுக்கு. பாலை யார் குடித்தார்கள் என்று கேட்டார். நாலு வயது மகள் கறந்த சூட்டோடு தினமும் ஒரு டம்ளர் குடிப்பாள் என்றாள்.

கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "பெரிய டாக்டரு சைக்கிள விட்டு எறங்கும்போதே சொல்லிட்டாகப்பா. மாட்டத் தொட்டுக்கூடப் பாக்கல."

ஆறு மாதமாக அவர் காத்துக்கிடந்த பேச்சு அது. கையில் சோப்பு நுரையோடு குனிந்து நின்றார். நிமிரவில்லை.

பசு மறுநாளைக்கு மறுநாள் செத்தது. மூளையை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். வெறிநோய்தான் என்று பதில் வந்தது. அதற்குள் நாலு பேருக்கும் உத்தமபாளையம் பெரியாஸ்பத்திரியில் ஊசி தொடங்கியிருந்தது. தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்று, பதினாலு நாள். முதல் பஸ்ஸில் போய் வரிசையில் உட்காருவார்கள். வைகுண்டராஜும் தினமும் கூடவே போனார். யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து கர்ணனுக்கு வயிறு வீங்கிச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆள் மாற்றி ஆள் வந்து அவரைப் பார்த்தார்கள். இளநீர் கொண்டுவந்தார்கள், திராட்சைக் கூடை கொண்டுவந்தார்கள். ஒரு கிழவர் லோயர் கேம்பிலிருந்து வந்து, கர்ணன் காலைத் தொட்டுவிட்டுப் போனார். ஓரத்தில் நின்ற வைகுண்டராஜுக்குப் பொறாமையாக இருந்தது. உயிர் தங்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர் மேல் அந்த நேரத்திலும் அது வந்தது. அவருக்கே தன்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எத்தனை கூடை வந்தது என்று கண் எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

ஆறாம் நாள் கர்ணன் கேட்டார். "சார், வயிறு ஊதலைங்கிறதை நானும் பார்த்தேன். காத்து எப்படியோ பக்கவாட்டுல போகுதுன்னு நினைச்சுட்டேன். நீங்க எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்க?"

"அனுபவம்தான்" என்றார் வைகுண்டராஜ்.

கர்ணன் தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். எழுதும்போது குனிய முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் வைகுண்டராஜ் சண்முகத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் அந்தத் தம்பியப் பத்திப் பெருமையாப் பேசுனதும் ஒரு காரணமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஆமென்று தலையசைத்தார்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் கர்ணனிடம் அந்தத் தாளைக் கொடுத்தார். கர்ணன் படித்தார். மேலே இருந்த தேதியை இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே ஊசி போடுகிற அறையில் கருத்தக்கண்ணன் மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் சார் அனுப்பலை?"

"பொறாமை."

"என் மேலயா?" கர்ணன் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "எதுக்கு?"

வைகுண்டராஜ் சொல்லப் பார்த்தார். கால்சியம் பாட்டில், ஜன்னல், நீளமான கை. ஒவ்வொன்றும் வாய்வரை வந்து சின்னதாகிப் போனது.

கர்ணன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முகம் இறுகியிருந்தது. "என்கிட்டச் சொன்னாப் போதாது சார். உள்ள மூணு பேரு இருக்காங்க."

உள்ளே போனார். கருத்தக்கண்ணன் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். வைகுண்டராஜ் நின்றபடியே சொன்னார். ராமுத்தாய் வந்தது, தான் சொல்லிக்கொள்வதாக ஏற்றது, எழுதியது, அனுப்பாதது எல்லாவற்றையும். கருத்தக்கண்ணன் சுவரைப் பார்த்தான். கஸ்தூரியம்மாள்தான் பேசினாள்.

"ராமுத்தா எங்கிட்டச் சொல்லல. அது எங்க வாய்க்காச் சண்ட. ஒங்களுக்கும் சின்ன டாக்டருக்கும் என்ன சண்ட?"

"சண்டை ஒண்ணும் இல்ல ஆத்தா."

"அப்புறம் எதுக்கு எம்புள்ள வயித்துல குத்துறாக?"

அவர், நர்ஸ் வந்து வழிவிடச் சொன்னபோதுதான் நகர்ந்தார்.

பதினாலு ஊசியும் முடிந்தது. நாலு பேரும் பிழைத்தார்கள். ஆனாலும் நாள்பட வரக்கூடிய நோய் அது என்பதால், வருஷம் ஒன்று கழியும்வரை கஸ்தூரியம்மாள், மகள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உள்ளே இறங்குகிறதா என்று வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று கேள்வி. கர்ணன் மேலிடத்துக்கு எதுவும் எழுதவில்லை. வைகுண்டராஜே எழுதினார். மதுரையிலிருந்து அதிகாரி வந்தார், விசாரித்தார், மெமோ கொடுத்தார். அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு கோழிகூட அவரிடம் வரவில்லை. ராமுத்தாய் மட்டும் ஒரு தடவை வந்து, "நீங்க சொல்றேன்னுல்லய்யா சொன்னீக" என்று கேட்டுவிட்டுப் போனாள். கர்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவது நின்றது.

மாசி மாதம் லோயர் கேம்பில் மின்நிலையத்து ஊழியர் ஒருவரின் எருமை கன்று போட முடியாமல் ஒரு நாள் முழுக்க முக்கிக்கொண்டு கிடந்தது. கர்ணன் ஆள் அனுப்பினார், பெரிய டாக்டர் வந்தால் நல்லது என்று. ஏழு மாதத்தில் முதல் தடவை. வைகுண்டராஜ் பஸ் பிடித்துப் போனார்.

"கர்ப்பப்பை முறுக்கிக்கிடக்கு சார்" என்றார் கர்ணன். "வலப்பக்கமாத்தான் முறுக்குன்னு நினைக்கிறேன். நீங்களும் பாருங்க. தப்பான பக்கம் உருட்டினா இன்னும் இறுகிரும்."

வைகுண்டராஜ் சோப்புப் போட்டுக் கையை விட்டார். விரலுக்கு முறுக்கின் மடிப்பு தெரிந்தது. பிழிந்த துணிபோல் சுழன்று போயிற்று. எந்தப் பக்கம் என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இன்னும் நாலு விரற்கடை எட்ட வேண்டும், எட்டவில்லை. மடிப்பு போகிற திசையை மட்டும் மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டு, "வலதுதான்" என்றார்.

எருமையின் கால்களைக் கட்டி, வயிற்றின்மேல் பலகை வைத்து அழுத்தி, வலப்பக்கமாக உருட்ட வேண்டும். ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். எருமைக்காரர் கர்ணனைப் பார்த்தே கும்பிட்டார். "ஒங்களத்தான் சாமி நம்பியிருக்கேன்" என்றார். வைகுண்டராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமுன் அதில் ஓடிய பொறாமையைக் கர்ணன் பார்த்துவிட்டார்.

"எனக்கு இன்னும் அது போகல கர்ணன்" என்றார் வைகுண்டராஜ், மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

"தெரியுது சார்" என்றார் கர்ணன். "கயிறைப் பிடிங்க."

பிடித்தார். மூன்றாவது உருட்டலில் உள்ளே ஏதோ அவிழ்ந்து, ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. கர்ணன் படுத்துக் கையை விட்டார், முன்னங்கால்கள் இரண்டும் கிடைத்தன. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கிடேரிக் கன்று. தும்மிவிட்டுத் தலையைத் தூக்கியது. ஊழியர் வீட்டார் ஓடிப்போய் மாலை வாங்கி வந்தார்கள். ஒரு மாலைதான் வாங்கியிருந்தார்கள். அது கர்ணன் கழுத்தில் விழுவதை வைகுண்டராஜ் கால்வாய் ஓரத்தில் கை கழுவிக்கொண்டே பார்த்தார். பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்க்க எருமைப் பக்கம் போய் உட்கார்ந்தார்.